வெண்ணெய் நிக்காத ஊர்ல கேக், தணல்ல பன்றிக்கறி

"வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்."

கேக் செய்முறை எதை எடுத்தாலும் இந்த வரி வந்துடும். புத்தகத்துல இருந்தாலும் இதுதான், வீடியோவுல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் இதுதான்.

சரி. எந்த ஊர் அறை?

மே மாசம் திருவண்ணாமலைல மத்தியானம் 40 டிகிரிய தொடும், சில நாள் தாண்டியும் போகும். பாறை மலை பகல் முழுக்க வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி திருப்பிக் குடுக்கும். மேல் மாடி வாடகை வீடுன்னா கேக்கவே வேணாம். (அக்னி ஸ்தலம்னு இங்க ஒரு கடி போடலாம். ஊர்ல எல்லாரும் போட்டு முடிச்சாச்சு, விட்டுடுவோம்.) அந்த அறையில வெண்ணெயை வெளிய எடுத்து வச்சுட்டு, போன் பேசிட்டு வந்து பாத்தா கிண்ணத்துல மஞ்சத் தண்ணி நிக்கும்.

அந்த வரியை முதல்ல எழுதினவங்க மனசுல இருந்தது 18லருந்து 20 டிகிரி. குளிர் நாட்டு வீடு. விரல் வச்சு அழுத்தினா குழி விழணும், ஆனா கரையக் கூடாது. காரணம் இருக்கு. வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு அடிக்கும்போது, சர்க்கரையோட முனை வெண்ணெய்க்குள்ள குத்திக் குத்திச் சின்னச் சின்ன காத்துக் குமிழை உள்ள அடைக்குது. கேக் உப்புறதுக்கு அந்தக் குமிழ்தான் அஸ்திவாரம். சோடா மாவோ பேக்கிங் பவுடரோ புதுசா குமிழ் உண்டாக்குறதைவிட, ஏற்கெனவே இருக்கிற குமிழை ஊதிப் பெருசாக்குற வேலையைத்தான் அதிகம் செய்யுது. உருகின வெண்ணெயில காத்து நிக்காது. நீங்க அரை மணி நேரம் அடிச்சாலும் கைதான் வலிக்கும்.

இதை அந்த ஒத்தை வரி சொல்லுதா? சொல்லல. அதான் எரிச்சல்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு, அதுல ஒரு அக்கான்னு வச்சுக்குங்க. கற்பனை அக்காதான், பேரெல்லாம் வேணாம். இந்த ஊர்ல முதல் தடவை கேக் செய்ற எல்லாருக்கும் நடக்கிறது அவங்களுக்கும் நடக்கட்டும்.

அந்த ரோட்டுல ரமணாசிரமம் தாண்டிப் போனா வெளிநாட்டுக்காரங்களுக்காகவே கேக்கும் பிரவுன் பிரெட்டும் வச்சிருக்கிற சின்னச் சின்ன கஃபே நிறைய இருக்கு. பால் பிரண்டன்ங்கிற இங்கிலாந்து எழுத்தாளர் 1931ல ரமண மகரிஷியைப் பாக்க வந்து, 1934ல புத்தகம் போட்டதுக்கப்புறம் ஆரம்பிச்ச வரத்து அது, இன்னும் நிக்கல. சாமியாரைத் தேடி வந்தவங்க கூடவே அவங்க காலைச் சாப்பாடும் வந்துடுச்சு. அக்கா ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு துண்டு கேக் வாங்கிச் சாப்பிட்டுட்டு, "இதை வீட்ல பண்ண முடியாதா?"ன்னு ஆரம்பிக்கிறாங்க. செய்முறை ஒண்ணு கைக்கு வருது. அமெரிக்காவுல எழுதினது, தமிழ்ல யாரோ வரிக்கு வரி மாத்தியிருக்காங்க.

'ஒரு ஸ்டிக் வெண்ணெய்'னு இருக்கு. அது 113 கிராம். நம்ம கடையில கிடைக்கிறது 100 கிராம் பாக்கெட், இல்லாட்டி அரைக் கிலோ. அதுலயும் உப்புப் போட்டது. சர்க்கரை இன்னொரு தலைவலி. நம்ம ரேஷன் சர்க்கரை கல்லு கல்லா இருக்கும், அவங்க ஊர்ச் சர்க்கரை பொடியா இருக்கும். அப்படியே போட்டு அடிச்சா கரையாம அடியில நரநரன்னு உக்காந்துக்கும். மிக்ஸியில ஒரு சுத்து விட்டா தீந்துச்சு, ஆனா ரொம்ப மாவாக்கிடக் கூடாது. குத்துறதுக்கு முனை வேணுமே.

முட்டை? 'பெரிய முட்டை 3'. அமெரிக்கக் கணக்குல பெருசுன்னா ஓட்டோட சேத்து சுமார் 57 கிராம். அக்கா வீட்ல இருக்கிறது நாட்டுக்கோழி முட்டை, கோலிக்குண்டுக்கு அண்ணன். அதுல மூணு எந்த மூலைக்கு? எடை போட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் கப். அவங்க ஊர்க் கப் 240 மில்லி. அக்கா எடுத்தது காபி டம்ளர். வட ஆற்காட்டுப் பாட்டிங்க கையில ஆழாக்கு இருந்துச்சு, அது சுமார் 168 மில்லி. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. எல்லாச் சாமானையும் ஒரே டம்ளர்ல அளந்தா விகிதம் கெடாதுன்னு சொல்வாங்க, ஒரு வகையில நெசம்தான். ஆனா முட்டையை டம்ளர்ல அளக்க மாட்டோமே. அங்கதான் உதைக்கும். ஐந்நூறு ரூபாய்க்குள்ள ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிட்டா இந்தச் சண்டை மொத்தமும் ஓய்ஞ்சுடும். கேக் பண்றதுக்கு ஓவன் வாங்குறதுக்கு முன்னாடி தராசு வாங்குங்க. (இதுல பிடிவாதம்தான், மாத்திக்கிறதா இல்ல.)

அடுத்தது ஓவன். 'ஓவனை 350 டிகிரிக்கு முன்சூடு பண்ணவும்.' அது ஃபாரன்ஹீட்டு. நம்ம ஓ.டி.ஜி.ல 175, 180 வச்சா போதும். ஃபாரன்ஹீட்டுன்னு தெரியாம, 250க்கு மேல எண்ணே இல்லாத மிஷின்ல 350ஐத் தேடினவங்க ஊர்ல எத்தனை பேரோ. ஏன் முன்சூடு? சோடா மாவு தயிரோட சேந்த அந்த நொடியே குமிழ் விட ஆரம்பிச்சுடும். ஓவன் சூடாகட்டும்னு மாவைக் கலக்கி வச்சுட்டு உக்காந்திருந்தா, குமிழெல்லாம் மேல வந்து உடைஞ்சு போயிடும். அப்புறம் வர்றது கேக் இல்ல, இனிப்பு அடை.

ஓவன் இல்லாத வீட்டுக்குக் குக்கர் கேக். கேஸ்கட்டைக் கழட்டு, வெயிட்டை எடு, அடியில உப்போ மணலோ பரப்பு, மேல ஒரு ஸ்டாண்டு வை, மூடி பத்து நிமிஷம் காய விடு, டப்பாவை இறக்கி சிம்ல முக்கால் மணி நேரம். தமிழ்நாட்டுல பாதிப் பேருக்குக் கேக்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே இந்தக் குக்கர்தான். தண்ணியே இல்லாம குக்கரைக் காய வைக்காதீங்கன்னு கம்பெனிக்காரங்க சொல்றதும் நியாயம்தான், பாத்திரம் கெடும். அதனால ஓட்டை விழுந்த பழைய குக்கர், இல்லாட்டி அடி கனமான இரும்பு வாணலி. கேக் வேகும், நல்லாவே வரும். ஆனா மேல் பக்கம் வெளுப்பா இருக்கும். ஏன்னா சூடு கீழருந்து மட்டும்தான் வருது.

இங்க ஒரு சின்ன விஞ்ஞானம். பயப்படாதீங்க.

இட்லி ஏன் சிவக்கிறதில்ல? ஆவி 100 டிகிரிக்கு மேல போகாது. வெயிட் போட்ட குக்கர்ல கூட 120 பக்கம்தான். மாவோ கறியோ சிவந்து, அந்த மணம் வர்றதுக்கு சுமார் 140 டிகிரியாவது வேணும், அதுவும் ஈரம் இல்லாத சூடு. நம்ம அடுப்படி மூணு சூட்டுல வளந்தது: ஆவி (இட்லி, புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை), எண்ணெய் (வடை, முறுக்கு), கல்லு (தோசை, அடை). நாலா பக்கமும் ஒரே மாதிரி வர்ற உலர்ந்த சூட்டுக்கு நம்ம வீட்ல பொட்டி கிடையாது. பொட்டிதான் கிடையாது, அந்த வித்தை இருந்துச்சு.

தம்மடை தெரியுமா? கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகள்ல கேட்டுப் பாருங்க. ரவை, முட்டை, சர்க்கரை, நெய், முந்திரி. கலந்து ஊற வச்சு, கனமான சட்டியில ஊத்தி, கீழ மெலிசா தணல், மூடி மேல நெருப்புக் கரி. மேலயும் கீழயும் சூடு. ஓவன் இதைத்தானே செய்யுது? பொன்னிறமா மேல் தோல் கட்டி, உள்ள ஈரமா, வெட்டினா கேக்தான். ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடி மேல கரி அள்ளிக் கொட்டுறதும் அதே சூத்திரம். ஆக, 'எங்க பாட்டிக்குப் பேக்கிங் தெரியாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்தப் பாட்டின்னு பாத்துக்குங்க.

அக்கா அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கிட்டாங்க. இஸ்திரிக் கடையில ஒரு பை கரி, வாணலிக்கு ஒரு இரும்பு மூடி. கேக் மேலயும் சிவந்துச்சு. (மொட்டை மாடியில வச்சு. வீட்டுக்குள்ள கரி மூட்டாதீங்க, ஜன்னல் சாத்தின அறையில கரிப்புகை ஆளையே கொல்லும்.)

இப்ப வெண்ணெய் விஷயத்துக்குத் திரும்புவோம், அது இன்னும் உருகிக்கிட்டுத்தான் இருக்கு.

ரெண்டு வழி. ஒண்ணு, காலைல 5 மணிக்கு எழுந்து அடிக்கிறது, கிண்ணத்துக்குக் கீழ ஐஸ் தண்ணி வச்சுக்கிட்டு. இன்னொண்ணு, வெண்ணெயையே மறந்துட்டு எண்ணெய்க்குப் போயிடறது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாரி பேக்கர்னு ஒருத்தர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை பாத்தவர், 1927ல எண்ணெய் ஊத்தி ஒரு கேக் கண்டுபிடிச்சார். ரகசியத்தை இருபது வருஷம் யாருக்கும் சொல்லல. அப்புறம் ஜெனரல் மில்ஸ் கம்பெனிக்கு வித்தார், 1948ல 'ஷிஃபான் கேக்'னு அமெரிக்கா பூரா பரவிடுச்சு. இதுல காத்தை வெண்ணெய் பிடிக்கிறதில்ல, முட்டை வெள்ளைக்கரு பிடிக்குது. நுரையா அடிச்சுக் கடைசியில மெதுவா கலக்கணும். வெள்ளைக்கருவுக்கு நம்ம ஊர் வெக்கை ஒரு பொருட்டே இல்ல, கொஞ்சம் சூடா இருந்தா இன்னும் சீக்கிரமா நுரைக்கும். அதாவது திருவண்ணாமலை மே மாசத்துக்குன்னே எழுதின கேக்கு அது, எழுதினவருக்குத்தான் தெரியல.

செய்முறையை ஊருக்குத் தக்க மாத்துறது ஒண்ணும் பாவம் இல்ல. நம்ம பக்கத்துல பேர் வாங்கின பண்டமெல்லாம் அப்படி மாத்தினதுதான். 1883ல தலசேரியில மாம்பள்ளி பாபுகிட்ட மர்டாக் பிரௌன்ங்கிற தோட்டக்காரத் துரை இங்கிலாந்துக் கேக் ஒண்ணைக் குடுத்து, இதே மாதிரி பண்ணுன்னாராம். பாபு அச்சை உள்ளூர்க் கொல்லர்கிட்ட அடிச்சு வாங்கினார், பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலா முந்திரிப்பழத்துலயும் கதலிப்பழத்துலயும் காய்ச்சின நாட்டுச் சரக்கை ஊத்தினார்னு கதை சொல்வாங்க. துரை சாப்பிட்டுட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான்னு இன்னிக்கும் தலசேரிக்காரங்க மார் தட்டுவாங்க.

தூத்துக்குடி மக்ரூனும் அந்தக் கதைதான். ஐரோப்பாவுல அது பாதாம்ல செய்றது. தூத்துக்குடி பேக்கரிக்காரங்க முந்திரியைப் போட்டு, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேத்து, கூம்பு கூம்பா பிழிஞ்சு எடுத்தாங்க. இப்ப யாராவது அதைப் பாதாம்ல பண்ணினா தூத்துக்குடிக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

அப்ப திருவண்ணாமலைக்கு என்ன? மல்லாட்டை!

(தெக்கத்திக்காரங்களுக்கு: வேர்க்கடலை.) 1989ல வட ஆற்காட்டுலருந்து பிரிஞ்ச இந்த மாவட்டத்துல நெல்லு, கரும்போட மானாவாரி நிலத்துல மல்லாட்டைதான். கேக் செய்முறையில 'பாதாம் மாவு'ன்னு வந்தா ஊர் மல்லாட்டையை எடுங்க. வெறும் வாணலியில வறுத்து, தோல் ஊதி, ஆற வச்சு, மிக்ஸியில விட்டு விட்டு அடிங்க. ஒரே மூச்சா ஓட்டினா எண்ணெய் கக்கி விழுதாயிடும், பாதாம், மல்லாட்டை ரெண்டுலயுமே பாதிக்குப் பாதி எண்ணெய்தானே. மைதாவுல கால் பங்கை எடுத்துட்டு இதைப் போட்டா, கேக்குல ஒரு வறுத்த வாசம் வரும் பாருங்க, கஃபேக்காரங்க வந்து எட்டிப் பாக்கணும். சர்க்கரையில பாதிக்கு வெல்லம்னா இன்னும் ஜோர். வெல்லத்துல ஈரமும் புளிப்பும் இருக்கு, அதனால பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைச்சு ஒரு சிட்டிகை சோடா மாவு. ஜவ்வாது மலைச் சாமை மாவையும் அக்கா முயற்சி பண்ணினாங்க. மொத்தமும் சாமைன்னா பொலபொலன்னு உதிருது, ஒட்டுப் பிடிக்கிற சத்து அதுல இல்ல. பிஸ்கட்டுக்குப் பாதிக்குப் பாதி நல்லா வரும், கேக்குக்கு வேணாம்.

அளவையே சொல்லாம எழுதின செய்முறை ஒண்ணு இந்த ஊர்லயே இருக்கு. ரமணரோட அப்பளப் பாட்டு. 1896 செப்டம்பர் 1ல பையனா இங்க வந்து சேந்தவர், மலைக் குகையில இருந்த காலத்துல, அம்மா அழகம்மாள் அப்பளம் போடக் கூப்பிட்டப்போ பாடிக் குடுத்ததுன்னு சொல்வாங்க. பாட்டு முழுக்க வேதாந்தம்தான், ஆனா சமையக்காரங்க கண்ணுல பாத்தா அது சுத்தமான செய்முறை. உளுந்தை உடைச்சு மாவாக்கு, பிரண்டைச் சாறு விடு, மிளகு, சீரகம், உப்பு, பெருங்காயம் போடு, உலக்கையில இடி, பலகையில வச்சு இடு, நெய்ச் சட்டியில பொரி. எத்தனை படி உளுந்துன்னு ஒரு வார்த்தை கிடையாது. வரிசை மட்டும் அச்சு அசலா இருக்கு. இடிச்சதுக்கப்புறம்தான் இட முடியும், இட்டதுக்கப்புறம்தான் பொரிக்க முடியும். அளவு உளுந்தைப் பொறுத்து, மழைக்காலத்தைப் பொறுத்து, ஆளைப் பொறுத்து மாறும். முறையும் காரணமும் நிக்கும். அந்த 'அறை வெப்பநிலை'க்காரங்க இதைத் தலைகீழா பண்றாங்க: அளவைக் கிராம் கணக்குல சொல்லிட்டு, காரணத்தை முழுங்கிடறாங்க.

ரமணர் சும்மா பாட்டுப் பாடிட்டு விட்ட ஆளும் இல்ல. ஆசிரமத்துச் சமையக்கட்டுல விடியறதுக்கு முன்னாடியே வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், எதையும் வீணாக்க விட மாட்டார். அங்க சமைச்ச சம்பூர்ணம்மாள் ஒரு சம்பவம் சொல்லியிருக்காங்க. ஒரு தடவை யாரோ கத்திரிக்காய் கூடை கூடையா அனுப்பிட்டாங்க. தினமும் கத்திரிக்காய். காம்பு மட்டும் மூலையில குவிஞ்சு கிடக்கு. இதையும் சமைங்கன்னுட்டார் ரமணர். மாடு கூட திங்காத காம்பு! காஞ்ச பட்டாணியோட போட்டு ஆறு மணி நேரம் வேக வச்சும் கல்லு மாதிரியே இருந்துச்சாம். கடைசியில எப்படியோ வெந்து, கறியாகி, எல்லாருக்கும் பரிமாறி, அவரும் பாராட்டிச் சாப்பிட்டார்ங்கிறாங்க. அந்த அம்மா ஆறு மணி நேரம் அடுப்பு முன்னாடி என்ன நெனச்சிருப்பாங்கன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

இனிப்பு போதும். அக்கா வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமைக்குத் தயாராயிட்டார்.

அவருக்குப் பன்றிக்கறி சுடணும். வீடியோ பாத்திருக்கார், வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் தோட்டத்துல பெரிய இரும்பு மூடி அடுப்பு வச்சுக்கிட்டு, ஒரு கையில பீர், ஒரு கையில இடுக்கி. "நம்ம பழக்கத்துல இதெல்லாம் எங்க இருக்கு?"ன்னு அக்கா கேக்குறாங்க.

இருக்கு. சுட்ட அப்பளம், சுட்ட கருவாடு, தணல்ல போட்ட கத்திரிக்காய், சுட்ட சோளக்கருது. பன்றிக்கறியே வேணும்னா பெரியபுராணத்துக்குப் போகணும். 12ம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதின கண்ணப்ப நாயனார் கதையில முழு முறையும் கிடக்கு. திண்ணன் (கண்ணப்பரோட பழைய பேர்) காட்டுப்பன்றியை வேட்டையாடுறார். கூட வந்த காடன் தீ மூட்டுறான். கறியை அம்பால அறுத்து, கோத்து, தீயில வாட்டி, வாயில போட்டுப் பதம் பாத்து, நல்லா வந்த துண்டை மட்டும் தேக்கிலைக் கல்லையில எடுத்துக்கிட்டுப் போய் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். அடுத்த நாள் வேற வேற மிருகக் கறி, அதையும் வாட்டி முடிச்சுட்டு, தேனைப் பிழிஞ்சு கலக்குறார்.

வரிசையைக் கவனிச்சீங்களா? முதல்ல வாட்டு, அப்புறம் தேன். இன்னிக்கு இணையத்துல பாதிப் பேர் தேனைப் போட்டு ஊற வச்சுட்டு நெருப்புல வைக்கச் சொல்றாங்க. தேன்ல இருக்கிற சர்க்கரை கறி வேகறதுக்கு முன்னாடியே கருகிக் கசந்துடும். வேடன் செஞ்சதுதான் சரி. பக்தி இலக்கியத்துல சமையல் குறிப்புத் தேடறதான்னு கோவப்படாதீங்க. தீபத் திருவிழாவுல ஆறாம் நாள் அறுபத்துமூவர் ஊர்வலம் மாட வீதியில வரும், பள்ளிக்கூடத்துப் பசங்க தோள்ல தூக்கிக்கிட்டு வருவாங்க. அதுல கண்ணப்பரும் வர்றார். ஊரே கும்பிடுது.

கறி வாங்குறது தனி வேலை. ஆட்டுக்கறி மாதிரி தெருமுனையில கிடைக்காது, விசாரிச்சுப் போகணும். கடைக்காரருக்கு நம்ம கேக்குறது புதுசு.

"கொழம்புக்கா, வறுவலுக்காம்மா?"

"சுடறதுக்குண்ணே. சின்னதா போடாதீங்க. வயித்துப் பக்கம், ரெண்டு விரல் கனம், பட்டை பட்டையா."

"அப்படியா? வேகாதேம்மா."

அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. பன்றிக்கறியை அரைவேக்காடா தின்னா நாடாப்புழு வர வாய்ப்பு இருக்கு. முழுத் துண்டுன்னா உள்ள 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஆற விட்டாப் போதும், கொத்துக்கறின்னா 71ங்கிறது அமெரிக்க அரசாங்கக் கணக்கு. வயித்துக் கறிக்கு 71க்கு மேல போனாலும் நஷ்டமில்ல, கொழுப்பும் சவ்வும் இளகுறதுக்கே அவ்வளவு வேணும். கறிக்குள்ள குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. (தராசுக்கு அடுத்த பிடிவாதம் இது.)

இன்னொரு விஷயமும் சொல்லியாகணும், பலருக்குத் தெரியாது. மூளையில கட்டி வந்து வலிப்பு வருதே, அது பன்றிக்கறி தின்னதால நேரா வர்றதில்ல. வயித்துல புழு இருக்கிற மனுஷங்களோட மலத்துல வெளிய வர்ற முட்டை, கழுவாத கை, கழுவாத கீரை வழியா இன்னொருத்தர் வாய்க்குப் போறதால வர்றது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சுத்து வட்டாரத்துல பல வருஷமா ஆராய்ச்சி பண்ணின வியாதி. சுத்த சைவக்காரங்களுக்கும் வரும். அதனால பன்றியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல, கையைக் கழுவுங்க.

சரி, அடுப்பு. வீட்டுக்காரர் முதல்ல செஞ்சது: கரியை முழுசா பரப்பி, நெருப்பு தகதகன்னு எரியும்போதே கறியை வச்சார். கொழுப்பு உருகிச் சொட்டி, ஜுவாலை எழும்பி, வெளிய கரிக்கட்டை, உள்ள பச்சை. புகை மட்டும் தெருவுக்கே பிரசாதம்.

கரியை ஒரு பக்கமா ஒதுக்கணும். மேல சாம்பல் பூத்ததும்தான் கறி. முதல்ல கரி இல்லாத பக்கம் வச்சு, மேல ஒரு பழைய சட்டியைக் கவுத்து மூடி, மெதுவா வேக விடணும் (மறுபடியும் தம்மடை வித்தைதான்). உள்ள வெந்ததும் கரி இருக்கிற பக்கம் தள்ளி, திருப்பித் திருப்பிச் சிவக்க வைக்கணும். கொட்டாங்குச்சிக் கரின்னா சூடு பலமா இருக்கும், கொஞ்சமா போடுங்க.

மசாலா? கிலோவுக்கு 10, 12 கிராம் உப்பு, முந்தின ராத்திரியே தடவி ஃபிரிட்ஜ்ல மூடாம வச்சுடணும். உப்பு உள்ள இறங்கும், மேல் தோல் காயும், காஞ்சாத்தான் சீக்கிரம் சிவக்கும். பூண்டு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை அரைச்சுக் கொஞ்சமா, சுடறதுக்கு முன்னாடி. மிளகாத்தூள் கருகும், அதனால அதை எலுமிச்சைச் சாறுல கலக்கிக் கடைசியில பூசலாம். குடகுக்காரங்க பன்றிக்கறிக்குக் கச்சம்புளின்னு கன்னங்கரேல்னு ஒரு புளிச்சாறு விடுவாங்க, இலங்கையில கொறுக்காய்ப்புளி. ரெண்டும் கிடைக்காட்டி நம்ம புளியையே கெட்டியா கரைச்சுக்குங்க, கொழுப்பை வெட்ட ஏதோ ஒரு புளிப்பு வேணும், அவ்வளவுதான். இறக்கினதும் ஜவ்வாது மலைத் தேன் ஒரு கரண்டி. அஞ்சு நிமிஷம் ஆற விட்டு வெட்டணும், உடனே வெட்டினா சாறு பூரா பலகைக்குப் போயிடும்.

எல்லாம் சரி, எப்ப சுடறது? அதுதான் இந்த ஊர்ல பெரிய கேள்வி. வீட்டுக்காரர் தினசரிக் காலண்டரைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். செவ்வாய், வெள்ளி கிடையாது. அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் கிடையாது. பௌர்ணமின்னா 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் நடக்கும், அன்னிக்குப் பன்றிக்கறிப் புகை போட்டா வீட்டு ஓனர் சாமானைத் தூக்கி வெளிய வச்சுடுவார். புரட்டாசி முழுக்கக் கிடையாது. கார்த்திகையில தீபம், மாலை போட்ட பசங்க மாடி வீட்லயே ரெண்டு பேர். தேடித் தேடி ஒரு ஞாயித்துக்கிழமையைக் கண்டுபிடிச்சு வட்டம் போட்டார்.

அக்கா எட்டிப் பாத்துட்டுச் சொல்றாங்க: "ஏங்க, அன்னிக்குத்தானே உங்க பெரியம்மா சஷ்டி விரதத்தை முடிச்சுட்டு நேரா இங்க வர்றேன்னாங்க?"

வட்டத்தை அழிக்க ரப்பர் தேடிக்கிட்டிருக்கார். போட்டது பேனாவுல.